நீர்த்துளிக்குள் முழுப் பூவும் தெரியும் மேக்ரோ (மிக நெருக்கத்தில் எடுக்கும்) படங்கள் எடிட்டிங்கில் ஒட்டப்பட்டவையா?

பெரும்பாலும் இல்லை. துளியே ஒரு குவி லென்ஸ். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, அதனால் பின்னால் இருக்கும் பூ துளிக்குள் சிறியதாக, தலைகீழாகத் தெரியும். பூவைக் கவிழ்த்து வைத்து எடுத்தாலோ, எடுத்த படத்தைப் பிறகு 180 டிகிரி திருப்பினாலோ நேராகிவிடும்.

புல் நுனியில் துளியைத் தொங்கவிட்டு, சில சென்டிமீட்டர் பின்னால் ஒரு ஜெர்பரா பூவை வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்தால் துளி சீக்கிரம் உலராது. ஃபோகஸ் துளியின் விளிம்பில் அல்ல, உள்ளே தெரியும் பூவின் மேல் இருக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 1:1 அளவில், அதாவது பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, லென்ஸ் துவாரத்தை எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப்/22 வரை போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் மொத்தமாக மென்மையாகிவிடும். அதற்குப் பதில் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் அடுக்கி இணைப்பதே நல்லது. காற்றில்லாத அறையும் முக்காலியும் கட்டாயம்.

அப்புறம் எடிட்டிங். ரா கோப்பில் (சென்சார் தரவு முழுதும் இருக்கும் கோப்பு) எடுத்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றியே பின்னணி உட்பட முழுப் படத்தையும் நீலமாகவோ பொன்னிறமாகவோ ஆக்கலாம். அருவப் (ஆப்ஸ்ட்ராக்ட்) படத்துக்கு இது தாராளமாகப் பொருந்தும். தூசிப் புள்ளிகளை நீக்குங்கள். விளிம்புகளையும் நுணுக்கங்களையும் எடுப்பாக்கும் கிளாரிட்டியை மட்டும் அதிகம் ஏற்றாதீர்கள், துளியின் வழவழப்பு போய்விடும்.