கிராப்பி மீன் பிடிக்க இரண்டாயிரம் டாலர் தேவையா?

கேள்வி: டெக்சாஸில் பிளேனோ நகரில் வசிக்கிறோம். 12 வயது மகனுக்குக் கிராப்பி என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க ஆசை. பாஸ் என்னும் பெரிய மீனுக்கான தூண்டில் கோலும் நரம்பு சுற்றும் ரீலும் வாங்கி, ஜூன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை லாவோன் ஏரிக்கரையில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்தோம். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கடையில் கேட்டால், தண்ணீருக்குள் மீன் அசைவதை நேரடியாகத் திரையில் காட்டும் சோனார் இல்லாமல் இப்போது யாரும் கிராப்பி பிடிப்பதில்லை என்கிறார்கள். 2,000 டாலருக்கு மேல் ஆகும். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கருவி பொய்யில்லை. 2018-ல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற அந்த வகைச் சோனார் வந்த பிறகு, படகில் போய்க் கிராப்பி பிடிப்பவர்களின் முறையே மாறியிருக்கிறது. ஆனால் அது படகுக்காரர்களின் கருவி. மீன் இருக்குமிடம் தெரிந்ததும் அங்கே படகை ஓட்டிப்போய் நிறுத்த முடிந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன். கரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது ஒரு விலையுயர்ந்த தொலைக்காட்சி. இதைச் சொல்லாமல் விற்க முனைந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கு மீன் கிடைக்காததற்குக் காரணம் மாதமும் நேரமும் ஆழமும். ஜூன் மாத நண்பகலில் கிராப்பி கரையோரம் நிற்காது. தண்ணீரின் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் 60-லிருந்து 68 பாகைக்குள் இருக்கும்போது அவை முட்டையிடக் கரைப்பக்கம் வரும். டல்லாஸ் பகுதியில் அது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். அப்போது முழங்கால் ஆழத்திலிருந்து ஆறடிக்குள் இருக்கும். பிறகு வெயில் ஏற ஏற ஆழத்துக்குப் போய், மூழ்கிய மரக்கிளைகள், பாலத்தூண்கள், படகுத்துறைகள் ஆகியவற்றின் நிழலில் கூட்டமாக ஒதுங்கிவிடும். கோடையில் போவதென்றால் விடியற்காலையில் போங்கள், அல்லது இரவில் விளக்கெரியும் படகுத்துறைக்குப் போங்கள். விளக்கைத் தேடிப் பூச்சியும் சிறுமீனும் வரும், அவற்றைத் தேடிக் கிராப்பி வரும். ஆகவே நான் முதலில் வாங்கச் சொல்வது பத்து டாலர் அளவில் கிடைக்கும் நீர் வெப்பமானி. ஒரு கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். இன்று எந்த ஆழத்தில் தேடலாம் என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

அடுத்தது கோல். கிராப்பியின் வாய் காகிதம் போல மெல்லியது. அமெரிக்கத் தெற்கில் அதற்குக் ‘காகித வாய்’ என்றே பட்டப்பெயர் உண்டு. பாஸ் கோலின் விறைப்பில் வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ‘லைட்’ அல்லது ‘அல்ட்ராலைட்’ என்று எழுதியிருக்கும் ஆறடிக் கோல், சிறிய ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு ஆகியவை போதும். கோலும் ரீலும் சேர்ந்து 30, 40 டாலருக்கே நல்லதாகக் கிடைக்கின்றன. கடையில் நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள்: ரீலின் பிடி திக்கித் திக்கி விடாமல் வழுக்கிக்கொண்டு விட வேண்டும். மற்ற எந்த அம்சத்தையும்விட இதுதான் முக்கியம். முள் வாங்கும்போது மெல்லிய கம்பியாலான ‘ஆபர்டீன்’ வகையில் 4-ம் எண் கேளுங்கள். கிளையில் மாட்டினால் மெதுவாக இழுங்கள். முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும், விரலால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். தடித்த முள்ளாக இருந்தால் நரம்பை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இதற்குமேல் நரம்பில் ஏறி இறங்கும் தக்கை ஒன்று, 1/16, 1/32 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைத்த முள்ளில் செய்த போலி இரை) சில, இரைக்கு ஒரு டஜன் உயிருள்ள மின்னோ மீன்குஞ்சு. அவ்வளவுதான். ஜிக்கின் வண்ணங்களைப் பற்றி நாளெல்லாம் பேசுவார்கள். தெளிந்த நீருக்கு வெள்ளை, கலங்கிய நீருக்கு மஞ்சள்பச்சை என்று இரண்டு வாங்கினால் தொடங்கலாம்.

பணத்தால் வாங்க முடியாத பாடம் ஒன்று இருக்கிறது. கிராப்பியின் கண்கள் மேல்நோக்கிப் பார்க்க ஏற்றவை. தலைக்குமேல் போகும் இரையை எழும்பி எடுக்கும், தனக்குக் கீழே கிடப்பதை அநேகமாகக் கவனிக்காது. அடியில் ஈயக்குண்டு வைத்து இரையைத் தரையில் கிடத்தியிருந்தால், மீன் இருந்தும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. முதலில் இரை மூன்றடி ஆழத்தில் தொங்கும்படி தக்கையை நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லையென்றால் இரையை ஓரடி இறக்குங்கள், பிறகு இன்னும் ஓரடி. ஒரு மீன் கிடைத்த ஆழத்தை மாற்றாதீர்கள். அவை கூட்டமாக ஒரே மட்டத்தில் நிற்பவை. தக்கை அமிழும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இரையை எடுத்துக்கொண்டு கிராப்பி மேலே எழும்பும்போது பாரம் குறைந்து தக்கை படுத்துக்கொள்ளும். அதுவும் கடிதான். என் முதல் கிராப்பி அப்படித்தான் வந்தது, ஒரு மார்ச் மாலையில், படகுத்துறைத் தூணின் நிழலில். தக்கை சாய்ந்ததைக் காற்று என்று நினைத்து விட்டிருந்தால் அன்று வெறுங்கையோடு திரும்பியிருப்பேன்.

கோல் வாங்கும் முன்பே ஒருமுறை பழகிப் பார்க்கவும் வழி உண்டு. டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் ஏற்பாட்டில் பல இடங்களில் கோல், ரீல், முள் பெட்டியை நூலகப் புத்தகம் போல 7 நாள் வரை கடனாகத் தருகிறார்கள். மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து பிடிக்க உரிமமும் வேண்டாம். மற்ற பொது நீர்நிலைகளில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட உங்கள் மகனுக்குத் தேவையில்லை. நீங்களும் தூண்டில் போடுவதென்றால் உங்களுக்கு வேண்டும். மீன் சேர்வதற்காக ஏரிகளில் துறையினர் இறக்கியிருக்கும் மரக்கிளைக் குவியல்களின் இடக்குறிப்புகளையும் இலவசமாக வெளியிடுகிறார்கள். 2,000 டாலர் திரையைப் பற்றி யோசிக்கும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: வழிகாட்டியோடு ஒருநாள் படகில் போக முன்பணம் கேட்கிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: டெக்சாஸில் மீன்பிடி வழிகாட்டிக்குத் தனி உரிமம் உண்டு, அதைக் காட்டச் சொல்லுங்கள், தவறில்லை. காற்றோ இடியோ வந்து பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரை, கோல், மீனைச் சுத்தம் செய்துதருவது கட்டணத்தில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். சொந்தப் படகில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மீன்குஞ்சு வாங்கிய கடையின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அயல் உயிரினங்கள் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்க, குஞ்சு எங்கே வாங்கியது என்று காட்டும் ரசீதை டெக்சாஸில் கேட்பார்கள்.

கேள்வி: பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரலாமா? குழம்புக்கு ஆகுமா?

பதில்: டெக்சாஸில் பொதுவாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராப்பி, ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும். சில ஏரிகளுக்கு விதி வேறு. கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய நீள வரம்பே இல்லை, பிடித்ததைத் திரும்ப விடவும் கூடாது. குளிரில் ஆழத்திலிருந்து தூக்கிய மீன் விட்டாலும் பிழைப்பது அரிது என்பதால் அப்படி. போகும் ஏரியின் விதியை அன்றே பாருங்கள். பெட்டி நிறையப் பனிக்கட்டி கொண்டுபோங்கள். வெயிலில் வாளியில் கிடந்த கிராப்பி சீக்கிரம் குழைந்துவிடும். சதை வெண்மையாக, மென்மையாக இருக்கும். நான் குழம்பில் போடமாட்டேன், கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும். செதில் சீவி, இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவி, கல்லில் எண்ணெய் விட்டு வறுங்கள். ஒரு பக்கம் நன்றாக முறுகும்வரை திருப்பாதீர்கள்.