வீட்டுத் தோட்டத்துக்கு வடிகால், நீர்ப்பாய்ச்சல், வெளிவிளக்கு போட நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது, மற்ற நாட்களில் செடிக்குத் தண்ணீர் விட ஆளில்லை, இருட்டினால் நடைபாதை தெரியவில்லை. மூன்றுக்கும் ஒரே ஆளா, தனித்தனி ஆளா, யாரை நம்புவது? உங்கள் கேள்வி இதுதான்.

வீட்டு வெளிப்புற வேலைகளை மேற்பார்வை பார்ப்பதுதான் என் தொழில். ஆள் எடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: விலை சொல்வதற்கு முன் அவர் எதையெல்லாம் அளக்கிறார்? இடத்தைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, "முடிச்சிடலாம், கவலைப்படாதீங்க" என்று ஒரு தொகையைச் சொல்பவர் எத்தனை வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் எனக்கு வேண்டாம். இந்த மூன்று வேலையும் மண்ணுக்குள் மறைந்துவிடும். மூடிய பிறகு சரியா தப்பா என்று பார்க்க முடியாது. மறுபடி தோண்டத்தான் வேண்டும்.

முதலில் வடிகால். விளக்கும் பாசனமும் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதுதான் முதலில். ஆழமான பள்ளம் இதற்குத்தான். மற்றதைப் போட்டு முடித்துவிட்டு இதற்குத் தோண்டினால் போட்டதெல்லாம் அறுபடும்.

வடிகால்காரர் வாயிலிருந்து வரவேண்டிய முதல் கேள்வி, "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே கொண்டுபோய் விடலாம்?" என்பது. குழாய், ஜல்லி எல்லாம் அப்புறம். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். அத்தனையும் மாடிக் குழாய் வழியாக ஒரே மூலையில் கொட்டினால் அங்கே தேங்காமல் என்ன செய்யும்? பல வீடுகளில் அந்தக் குழாயைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய், சுவரை ஒட்டிய மண்ணை வெளிப்பக்கம் வாட்டமாக மட்டப்படுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் இறங்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. "உங்களுக்குக் குழாயே தேவையில்லை, மண்ணைச் சரி பண்ணினால் போதும்" என்று தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்லும் ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

குழாய் தேவைதான் என்றால் வாட்டத்தை எப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். லேசர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு ட்யூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். தெரிந்தவர் முதலில் ட்யூபை நீளவாக்கில் தட்டித் தட்டி உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றுவார். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதன் பிறகு இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளத்துக்குப் போவார். இதைச் செய்யும் ஆளின் கையில் வேலையை நம்பிக் கொடுக்கலாம். வெறும் கண்பார்வையில் "வாட்டம் இருக்கு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கமாவது வேண்டும், அதைக் கண்ணால் யாரும் சொல்லிவிட முடியாது.

ஜல்லி நிரப்பிய பள்ளத்தில் துளைக் குழாய் போடுவதாக இருந்தால் துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கவேண்டும். மேலே இருந்தால்தானே தண்ணீர் உள்ளே விழும் என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறி வரும். துளை கீழே இருந்தால்தான் மட்டம் ஏறத் தொடங்கியதுமே குழாய் அதை எடுத்துக்கொண்டு போகும். பள்ளத்தைச் சுற்றி வடிகட்டித் துணி விரித்து, தூசி இல்லாத ஜல்லி போடவேண்டும். துணியை மிச்சம் பிடித்தால் நாளடைவில் மண் இறங்கி ஜல்லிக்குள் அடைத்துக்கொள்ளும். மண் போட்டு மூடுவதற்கு முன் மேல் முனையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கீழ் முனையில் தயங்காமல் வந்தால் மூடலாம்.

உறிஞ்சுகுழி போடலாம் என்பவரிடம், மண்ணைச் சோதித்தாரா என்று கேளுங்கள். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அது களிமண். அங்கே உறிஞ்சுகுழி வெறும் தொட்டிதான். இன்னொன்று, மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி கிடையாது. பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடலாம் என்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது நீர்ப்பாய்ச்சல். இதற்கு வருபவர் கையில் ஒரு வாளியும் அழுத்தமானியும் இல்லாவிட்டால் அவர் பொருள் விற்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளி 30 நொடியில் நிரம்பினால் உங்கள் குழாய் நிமிடத்துக்கு 20 லிட்டர் தருகிறது. அரைவட்டமாக வீசும் தெளிப்பான் ஒன்றே நிமிடத்துக்கு 7 லிட்டர் வரை குடிக்கும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டுதான் ஒழுங்காக ஓடும். எட்டை ஒரே வால்வில் மாட்டினால் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கும். அதே 20 லிட்டரில் மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவான்கள் கணக்குப்படி 300 வரை ஓடும். அதனால் புல்வெளிக்குத் தவிர வேறெதற்கும் தெளிப்பான் வேண்டாம், சொட்டுநீரே போதும் என்பது என் கட்சி.

அவர் கொட்டேஷனில் பாருங்கள்: புல்லுக்கு, தொட்டிகளுக்கு, மரங்களுக்கு எனத் தனித்தனி வால்வு இருக்கிறதா? ஒரு தெளிப்பானின் வீச்சு அடுத்த தெளிப்பான் வரை எட்டுகிறதா? சொட்டுநீருக்கு ஃபில்டர், கடைசி முனையில் திறந்து கழுவிவிட மூடி, டைமரோடு மழை உணரி, குடிநீர்க் குழாயிலிருந்து எடுத்தால் தோட்டத்துத் தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் வால்வு. இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் கேட்காமலே அவர் சொல்லவேண்டும்.

விளக்குக்கு, வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்த 12 வோல்ட் லைன் கேட்பது நல்லது. அதிலும் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் 30 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் எடுத்தால் போகவரக் கிட்டத்தட்ட 2 வோல்ட் கரைந்துவிடும். கடைசி விளக்குக்கு 10 வோல்ட்தான். "கடைசி லைட் ஏன் மங்கலா எரியுது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நடுவில் ஓர் இடத்திலிருந்து கிளை பிரித்தாலோ கம்பியைத் தடிமனாக்கினாலோ சரியாகும். மண்ணுக்குள் போகும் இணைப்பில் டேப் சுற்றுபவர் வேண்டாம். ஜெல் நிரப்பிய இணைப்பான் போடவேண்டும். தரையில் புதைக்கும் விளக்கு தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் வரும் லைனை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும், அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கவேண்டும். இதில் பேரமே கிடையாது. எங்கே எத்தனை விளக்கு என்பதைப் பகலில் முடிவு செய்யாதீர்கள். இருட்டியபின் இரண்டு மூன்று விளக்கைத் தற்காலிகமாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாக நீங்கள் நினைத்ததில் பாதி போதும் என்று தெரியும்.

ஒரே ஆளா, மூன்று ஆளா? ஒரே ஆளே பொறுப்பெடுத்து, மின்வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தால் உங்களுக்குத் தலைவலி குறைவு. மூன்று பேர் என்றால் மூவர் கையிலும் ஒரே வரைபடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளம்பர் போட்ட குழாயை எலக்ட்ரீஷியன் ஆள் வெட்டுவார், இருவரும் உங்களிடம் வந்து ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். உடைத்தவர் செலவில் சரிசெய்வது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். நடைபாதைக்குக் கல் பதிக்கப்போவதாக இருந்தால் அதற்கு முன்பே குறுக்கே இரண்டு காலிக் குழாய் புதைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஒரு வயர் இழுக்கக் கல்லைப் பெயர்க்கவேண்டி வராது.

அவர் செய்த பழைய வேலையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போன மாதம் முடித்தது வேண்டாம், இரண்டு வருடமாவது ஆனதைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனால் செடியைப் பார்க்காதீர்கள், வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஜல்லி விரித்து, வால்வுகள் கைக்கு எட்டும்படி, எது எந்தப் பகுதிக்கு என்று எழுதி இருக்கிறதா? இல்லை, சேற்றில் முங்கி, வயர் முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறதா? அந்த வீட்டுக்காரர் சொல்லும் பாராட்டைவிட இந்தப் பெட்டி அதிகம் சொல்லும்.

ஒப்பந்தத்தில் குழாயின் அளவும் தரமும், உத்தரவாதத்தில் கூலியும் அடங்குமா என்பதும், பள்ளம் மூடும் முன் அளவு டேப் வைத்து எடுத்த படங்களும், முடிந்தபின் ஒரு வரைபடமும் வரட்டும். கடைசித் தவணையை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாக எழுதுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஆனால் தன் வேலைமேல் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார்.

யாரையும் கூப்பிடுவதற்கு முன், அடுத்த மழையில் குடையோடு வெளியே வந்து தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தேங்கியது வடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.