தற்கொலை செய்துகொண்ட தம்பிக்கு இரட்சிப்பு உண்டா?

கேள்வி: என் தம்பி ஏழு மாதங்களுக்கு முன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது 26. திடப்படுத்தல் பெற்றவன், ஆலயப் பாடகர் குழுவில் பாடியவன். துக்க வீட்டிலேயே உறவினர் ஒருவர், "மனந்திரும்ப நேரமில்லாமல் செத்தவனுக்கு நரகம்தான்" என்று அம்மாவின் காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஆலயத்துக்கு வருவதில்லை. "அவன் இருக்கிற இடத்துக்கே நானும் போய்விடுகிறேன்" என்கிறார். அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? நினைவு நாளில் ஜெபக் கூட்டம் வைக்கலாமா?

பதில்: சகோதரி, தம்பியைப் பற்றிப் பேசுமுன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். "நானும் போய்விடுகிறேன்" என்பதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். இன்றே அருகில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். "ஆம்" என்றால் தனியாக விடாதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

இனி உறவினர் சொன்னது. மனந்திரும்பாத கடைசிப் பாவம் நரகத்தில் தள்ளிவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின்படி, கோபத்தோடு படுத்துத் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தவருக்கும் நம்பிக்கை இல்லை. நம்மில் யார் எல்லாப் பாவத்தையும் அறிக்கையிட்டு முடித்துவிட்டுச் சாகப்போகிறோம்? இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தைக் கொண்டு என்றுதான் எபேசியர் நிருபம் சொல்கிறது. கடைசி நிமிடத்தை வைத்து ஒரு வாழ்க்கை முழுவதையும் எடைபோடும் வசனம் எதையும் நான் வாசித்ததில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்ட யூதாஸைக் காட்டுவார்கள். ஆனால் "கேட்டின் மகன்" என்று இயேசு சொன்னது அவன் உயிரோடு இருந்தபோது, காட்டிக்கொடுத்த அந்த இரவில். சாவின் விதத்தைப் பற்றிய தீர்ப்பு அது அல்ல.

இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலின் முடிவு 1 சாமுவேல் 31இல் இருக்கிறது. போர்க்களத்தில் அவரே தம் உயிரை முடித்துக்கொண்டார். பெலிஸ்தர் அவருடைய உடலைப் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் கீலேயாத்தின் வீரர்கள் இரவு முழுவதும் நடந்துபோய், அதை இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தாவீது அழுது புலம்பல் பாடினார்; அடக்கம் செய்தவர்களுக்கு ஆள் அனுப்பி ஆசீர்வாதம் சொன்னார். "அவனுக்கு ஏன் அடக்கம்?" என்று வேதம் எங்கும் கேட்கவில்லை. தாவீதின் ஆலோசகனாயிருந்த அகித்தோப்பேலும் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். அவனையும் தகப்பன் கல்லறையிலேயே அடக்கம்பண்ணினார்கள்.

அப்படியானால் இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது? "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை தன் உயிருக்கும் பொருந்தும் என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறையியலாளர் அகஸ்தீன் எழுதினார். அது சரியான போதனைதான். இன்றும் எல்லாத் திருச்சபைகளும் அதையே சொல்கின்றன. ஆனால் அடுத்த நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கையே மறுத்தது. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பிலும் அந்த மறுப்பு இருந்தது. 1983இன் புதிய தொகுப்பில் அது இல்லை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், இப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரோ 16ஆம் நூற்றாண்டிலேயே, இவர்கள் நிச்சயமாக நரகத்துக்குத்தான் போவார்கள் என்பதை ஏற்கவில்லை. காட்டில் திருடர்கள் கையில் சிக்கி மாண்டவனோடு இவர்களை ஒப்பிட்டார்.

நான் ஆயராகப் பணிக்கு வந்த புதிதில், ஒரு கல்லறைத் தோட்டத்தின் சுவரோரத்தில் சிலுவை இல்லாத மண்மேடுகளைப் பார்த்திருக்கிறேன். யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் இன்னும் என்னை வருத்துகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. "அப்படியானால் நானும் போய் அவனைச் சேரலாம்" என்று அவர் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள். தம்பியை இரக்கமுள்ள தேவனிடம் ஒப்புவிக்கிறோம். அம்மாவை அதே தேவன் நம்மிடம் ஒப்புவித்திருக்கிறார். அதனால் சவுலின் கதையோடு தீர்க்கதரிசி எலியாவின் கதையையும் வாசித்துக் காட்டுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர் அவர். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்; அவர் திரும்பப் படுத்துக்கொண்டார்; மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். உங்கள் அம்மாவுக்கும் முதலில் தேவை சூடான சாப்பாடும் தூக்கமும் பக்கத்தில் ஓர் ஆளும்தான்.

நினைவு நாள் கூட்டத்தைத் தாராளமாக வையுங்கள். கத்தோலிக்கர் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். நம் சீர்திருத்தச் சபைகளில் அவருக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லாவிட்டாலும், அவருடைய வாழ்வுக்காக நன்றி சொல்லவும் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிக்கவும் தடையே இல்லை. உங்கள் ஆயரை முந்தின வாரமே வீட்டுக்கு அழைத்து அம்மாவோடு பேச வையுங்கள்; துக்க வீட்டில் நடந்ததையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பாடகர் குழுவை அழைத்து, தம்பி விரும்பிப் பாடிய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லட்டும். உங்கள் அம்மா அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.