மொரியாசு தலைகுனிந்த படம்: மன்னிப்பா, நன்றியா?

வணக்கம். ஜப்பான் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு குனிந்து நிற்கும் படத்துக்கு ‘தோல்விக்கு மன்னிப்பு கேட்கிறார்’ என்று கல்லூரி இதழில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். அது 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்ற பிறகு ரசிகர்களுக்குச் சொன்ன நன்றி. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் முன் வரிசையாக நின்று வணங்குவது ஜப்பான் அணியின் வழக்கம்; வென்றாலும் வணங்குவார்கள்.

அந்தப் படம் ஏன் இவ்வளவு பரவியது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். 2021 தகுதிச் சுற்றில் ஓமனிடமும் சவூதியிடமும் தோற்றபோது, இவரை நீக்கச் சொல்லி ஜப்பானிய இணையமே கொதித்தது. அப்புறம் கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் 2-1 என வீழ்த்தியதும் அதே இணையம் கொண்டாடியது. ஆட்டத்தின் நடுவே அவர் குறிப்பெழுதும் நோட்டுகூடப் பிரபலமாகிவிட்டது!

இன்னொன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1993இல் அதே கத்தாரின் தலைநகர் தோஹாவில் நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்தில், ஈராக் கடைசி நிமிடத்தில் கோல் போட்டு 2-2 ஆனதால் ஜப்பானின் முதல் உலகக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. அன்று களத்தில் ஆடியவர்களில் மொரியாசுவும் ஒருவர். எனக்கு அந்த வணக்கத்தின் கனமே அங்கிருந்துதான் தெரிகிறது. படத்தின் கீழே ‘ரசிகர்களுக்கு நன்றி, கத்தார், டிசம்பர் 2022’ என்று போடுங்கள், போதும்.