படகில் நிற்கும் கால்களும் சிறுநீரகப் பயமும்

மீன்பிடிப் படகில் வேலை செய்யும் நீங்கள், கால் வீக்கத்தைப் பார்த்துச் சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மாலையில் இரண்டு கணுக்கால்களும் ஒரே அளவாக வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வற்றிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரும் வீக்கத்துக்குப் பெரும்பாலும் நாள் முழுவதும் நின்றதுதான் காரணம். சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வருகிற வீக்கம் பெரும்பாலும் காலையிலும் மிச்சமிருக்கும்; அதோடு காலையில் கண் இமைகள் உப்புவது, சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குவது என்று ஏதாவதொன்று பல நேரம் சேர்ந்துவரும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. பதினான்கு மணி நேரம் படகின் தளத்தில் நின்று வலை இழுத்து மீன் பிரிப்பவரின் கால் எப்படியிருக்கும் என்று அறியாத இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு, சிறுநீரகம் செயலிழந்துவிட்டதோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கவலைப்படுவது நீங்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளைப் பற்றித்தான். மாதக்கணக்கில் தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறீர்கள். போதாக்குறைக்கு, உறவினருக்கு எழுதித் தந்த ஃபுரோசிமைடு என்ற, சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் மாத்திரையையும் வீக்கம் வற்றட்டும் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டைக்ளோஃபெனாக் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வீக்கத்தை அதிகப்படுத்தக்கூடியது. அந்த நீரை வெளியேற்ற இன்னொரு மாத்திரை, அதற்கு மேல் வெயிலில் கொட்டும் வியர்வை, சிறுநீர் கழிக்க வசதியில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பழக்கம் என எல்லாம் ஒன்றுகூடினால், நன்றாக இருக்கும் சிறுநீரகமும் பழுதாகக்கூடும். இரண்டு மாத்திரைகளையும் இன்றே நிறுத்திவிட்டு, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்திலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குதிகால் வலி, இடுப்பு வலி, முழங்காலுக்குப் பின்னால் தெரியும் நீல நரம்புகள் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரியில், போன மாதம் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்ததாகவும், உடன் வேலை செய்பவர் அழுத்திப் பிடித்துவிட்ட பிறகு சில நாட்களில் தணிந்ததாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். இரண்டு கால்களும் சேர்ந்து வீங்குவது வேறு, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்குவது வேறு. தசைக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக்கொண்டுபோகும் குழாயில், இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் கால் இப்படித்தான் வீங்கும். அந்த இரத்தக்கட்டி உடைந்து இரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தசைப்பிடிப்பு என்று நினைத்து அந்தக் காலை அமுக்கிவிடுவது அதனால்தான் கூடாது. தானாகத் தணிந்துவிட்டது என்பதாலும் அதை விட்டுவிட முடியாது. இந்த வாரமே காலுக்கு, இரத்தக் குழாயில் ஓட்டம் எப்படியிருக்கிறது என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

இனியும் அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முடிச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரண்டு கால்களின் சுற்றளவையும் அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கரை திரும்பி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு அதைவிடக் குறைவாக இருந்தாலும், ஒரு காலில் மட்டும் வலியும் சூடும் இருந்தால் காட்டத்தான் வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, இருமலில் இரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் பிடித்த மீனைப் பற்றி யோசிக்காமல் படகைத் திருப்பச் சொல்லுங்கள். கரைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி ஆம்புலன்ஸையும் காத்திருக்கச் செய்யுங்கள்.

இனி நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியிருக்கும். நடக்கும்போது கெண்டைத்தசை சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால், அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். படகிலோ, ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துத் தொடையும் இடுப்பும் ஓயாமல் உழைத்தாலும் பாதம் மட்டும் ஓரிடத்திலேயே ஊன்றியிருக்கிறது. ஆகவே முழங்காலை விறைப்பாகப் பூட்டி வைக்காமல் சற்றுத் தளர்த்தி, கால்களை அகட்டி நில்லுங்கள்; அவ்வப்போது எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை உயர்த்தி இறக்குங்கள். மீன் பிரிக்கும் இடத்தில் ஒரு சாண் உயரத்தில் கட்டை ஒன்றை அசையாமல் பொருத்தி, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்து நின்றால் இடுப்பு வலி பெருமளவு குறையும். மீன் பிரிக்கும் பலகை முழங்கைக்குச் சற்றுக் கீழான உயரத்தில் இருந்தால் குனிய வேண்டியிருக்காது. குதிகால் வலிக்கு ரப்பர் பூட்ஸுக்குள் நல்ல மெத்தென்ற உள்தளமும், நிற்கும் இடத்தில் நீர் வடியும் தடித்த ரப்பர் விரிப்பும் போதும், மாத்திரை தேவையில்லை. நனைந்த காலுறையை உடனே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஊறிய விரலிடுக்கில் விழும் வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தாலும் ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கும். மீன்பிடி இடத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கிடைக்கிற நேரத்தில் படுத்து, கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள்.

நீல நரம்புகள் பார்வைக்குத்தான் பயமுறுத்தும். கணுக்காலருகே தோல் கறுத்து அரிப்பெடுத்தாலோ, புண் ஆறாமலிருந்தாலோ மட்டும் காட்டுங்கள். அடிபட்டு அந்த நரம்பிலிருந்து இரத்தம் பீறிட்டால், படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் அணியலாமா என்று கேட்டிருந்தீர்கள். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமுள்ளதைக் காலையில் வீக்கம் வருமுன் சுருக்கமில்லாமல் அணிந்தால் நல்ல பலன் தரும். ஆனால் பாதத்துக்குத் தமனி வழியாக வரும் இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அது தீங்கு செய்யும் என்பதால், முதலில் மருத்துவர் உங்கள் பாத நாடியைத் தொட்டுப் பார்க்கட்டும். டாப்ளர் முடிவு கைக்கு வரும்வரை அதை வாங்கவும் வேண்டாம், கடலுக்குப் போகவும் வேண்டாம்.