பழைய தேதியை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் அப்பா ஒரே பெயரில் டிரேட்மார்க் வாங்கியிருந்தார். 2015 மார்ச் 11 அன்று விண்ணப்பித்தார், சர்டிபிகேட் 2017 நவம்பரில் வந்தது. 2027 வரை கவலையில்லை என்று இருந்துவிட்டோம். 2025 ஜூலையில் ஒரு தனியார் நிறுவனம், ‘உங்கள் பதிவு காலாவதியாகிவிட்டது, 60,000 ரூபாய் கட்டுங்கள்’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. தெரிந்த ஒருவரோ, புதிதாக விண்ணப்பித்தால் 4,500 ரூபாயோடு முடிந்துவிடும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: காலாவதியானது உண்மைதான், சகோதரி. பத்து வருடக் கணக்கு சர்டிபிகேட் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓடுகிறது. ஆகவே உங்கள் பதிவு 2025 மார்ச் 11 அன்றே முடிந்துவிட்டது. ஆனால் பெயர் கைவிட்டுப் போகவில்லை. முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை, அதாவது செப்டம்பர் 11 வரை, தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். ஆன்லைனில் கட்டினால் ஒரு வகுப்புக்கு (பதிவுக்காகப் பொருட்களைப் பிரித்திருக்கும் எண்ணிட்ட பிரிவுக்கு) 9,000 ரூபாய், அதோடு தாமதத்துக்கு 4,500. அதையும் தவறவிட்டால் 2026 மார்ச் வரை பதிவை மீட்க விண்ணப்பிக்கலாம். அப்போது வகுப்புக்கு 18,000 ஆகிவிடும். அதுவரை இழுக்க வேண்டாம்.

அந்த 60,000 ரூபாய்க் கடிதத்தை ஓரமாக வையுங்கள். அது அரசாங்கக் கடிதம் இல்லை. டிரேட்மார்க்கைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டால், பதிவு எந்தத் தேதி வரை என்பதும் இப்போதைய நிலையும் தெரியும்.

அந்த 4,500 ரூபாய் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிறு தொழில்களுக்குப் புது விண்ணப்பக் கட்டணம் அவ்வளவுதான், அது சரி. புதுப்பிக்க அந்தச் சலுகை கிடையாது, அதுவும் சரி. ஆனால் புதிதாக விண்ணப்பித்தால் உங்கள் பதிவு உரிமை 2025-இலிருந்துதான் தொடங்கும். 2015-க்கு அப்புறம் அதே மாதிரிப் பெயரில் யாராவது பதிவு செய்திருந்தால், நேற்று வரை உங்களுக்குப் பின்னால் நின்றவர் இன்று முன்னால் வந்துவிடுவார். மறுபடியும் பரிசோதனை, ரெஜிஸ்ட்ரியின் ஜர்னல் என்ற இதழில் வெளியீடு, அதன் பிறகு நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பல வருடமாக விற்பதைக் காட்டி வழக்காடலாம்தான். ஆனால் பழைய பில், விளம்பரம், கணக்கு எல்லாவற்றையும் தேடி எடுத்து நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் அப்பா வாங்கிவைத்த தேதியை இழக்காதீர்கள்.

காலாவதிக்கு முன்பு ரெஜிஸ்ட்ரி ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதை அனுப்பாமல் பதிவை நீக்க முடியாது என்று மும்பை, தில்லி உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. அது வழக்கு என்று வந்தால் உதவும். அதை நம்பி இப்போது சும்மா இருக்க வேண்டாம்.

புதுப்பிக்கும் படிவம் டிஎம்-ஆர். உரிமையாளராக இருப்பது அப்பா என்பதால் அவர் பெயரிலேயே போடுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றும் எண்ணமிருந்தால் அதற்குத் தனிப் படிவம், டிஎம்-பி. மாற்றிவிட்டுப் புதுப்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இரண்டுக்கும் சேர்த்து 27,000 ஆகும். ஊறுகாய் இன்னும் விற்கிறீர்களா? தொடர்ந்து ஐந்து வருடம் பயன்படுத்தாத பெயரை நீக்கச் சொல்லி மற்றவர்கள் விண்ணப்பிக்க முடியும். திரும்பத் தொடங்கும் திட்டமே இல்லையென்றால் அந்த 13,500 ரூபாயைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். மசாலாவுக்கு மட்டும் இந்த வாரமே கட்டிவிடுங்கள். அப்படியே பதிவில் இருக்கும் முகவரியும் மின்னஞ்சலும் இன்றும் உங்கள் கையில் இருப்பவைதானா என்று பாருங்கள். அடுத்த கெடு 2035 மார்ச் 11, அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே கட்டலாம்.