ராஸ்பெர்ரி பைக்கு லேப்டாப்பையே திரையாக வைத்துக்கொள்ள முடியுமா?

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டையும் லேப்டாப்பையும் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தும் படம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டைச் சந்தேகப்பட வேண்டாம். அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது.

வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு என்று பென்டிரைவ் அளவில் ஒன்று விற்கிறார்கள். போர்டின் எச்டிஎம்ஐ கேபிளை அதில் செருகி, அதை லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகினால் லேப்டாப்புக்கு அது வெப்கேமரா போலத் தெரியும். விஎல்சி அல்லது ஓபிஎஸ் என்ற வீடியோ மென்பொருளில் அந்தக் கேமராவைத் திறந்தால் போர்டின் திரை அப்படியே வரும். விலை குறைந்தவற்றில் படம் கொஞ்சம் பின்தங்கும். மவுஸை நகர்த்திச் சற்று தாமதித்துத்தான் திரையில் அம்பு நகரும். டைப் செய்யப் போதும், கேம் விளையாட உதவாது. கீபோர்டையும் மவுஸையும் போர்டிலேயே செருக வேண்டும். பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ உண்டு; பவர் கேபிளுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் தினசரி வேலைக்கு நான் சொல்வது எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகக் கட்டளைகளை டைப் செய்து போர்டை இயக்குவது) அல்லது விஎன்சிதான் (போர்டின் திரையையே நெட்வொர்க் வழியாக லேப்டாப்பில் பார்த்து இயக்குவது). போர்டும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். லேப்டாப் கீபோர்டே போர்டுக்கும் ஆகும், தனிச் செலவில்லை. போர்டின் இயங்குதளத்தை எஸ்டி கார்டில் எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளில் கார்டு தயார் செய்யும்போதே வைஃபை விவரம் கொடுத்து எஸ்எஸ்எச்சையும் இயக்கிவிடலாம்.

அப்புறம் கேப்சர் கார்டு எதற்கு? போர்டு இயங்கத் தொடங்கும்போதே (பூட் ஆகும்போது) பாதியில் நின்றுவிட்டால் நெட்வொர்க்கே கிடைக்காது. அப்போது கறுப்புத் திரையில் ஓடும் பிழைச் செய்திகளை, தனி மானிட்டர் இல்லாவிட்டால், கேப்சர் கார்டு வழியாகப் பார்க்கலாம்.